படத்துக்குக் கீழே யார் பெயர்?

தமிழில் ஒரு பெண்ணின் அழகைச் சொல்ல வரும்போது இன்றும் ‘ரவிவர்மா ஓவியம் மாதிரி’ என்கிறோம். திரைப்பாட்டு சொல்கிறது, ஜவுளிக்கடை விளம்பரம் சொல்கிறது, பெண் பார்த்துவிட்டுத் திரும்பும் உறவுக்காரர் சொல்கிறார். எந்த ஓவியம் மாதிரி என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஓவியத்துக்காக அமர்ந்தவள் யார் என்று கேட்பவர்கள் அதைவிடக் குறைவு. ஓவியரின் பெயர் பெண்ணழகுக்கே அளவுகோலாகிவிட்ட நம் மொழியில், அவர் பார்த்து வரைந்த பெண்களின் பெயர் ஒன்றுகூட நம் நாக்கில் இல்லை. இது எப்படி நேர்ந்தது என்று பார்ப்பதே என் நோக்கம்.

ரவிவர்மாவைக் குறை சொல்வது புதிதல்ல. ஆனந்த குமாரசாமியும் நிவேதிதாவும் நூறாண்டுகளுக்கு முன்பே அதைச் செய்துவிட்டார்கள். அவர்களுக்கு அவருடைய தேவியர் மேலைநாட்டு மேடை நடிகைகளாகத் தெரிந்தார்கள். சகுந்தலை தரையில் படுத்துக்கொண்டு கடிதம் எழுதும் ஓவியத்தை நிவேதிதா கடுமையாகச் சாடினார். அந்தக் கிடை அவருக்கு அடக்கமாகப் படவில்லை. ரவிவர்மாவைக் கொண்டாடியவர்களோ அவளைப் பாரதப் பெண்மையின் இலக்கணம் என்றார்கள். இந்தியப் பெண் எப்படித் தோன்ற வேண்டும் என்பதுதான் இரு தரப்புக்கும் வழக்கு. எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு பெயரும் ஊரும் உண்டு என்பது அந்த வழக்கில் சாட்சியத்துக்குக்கூட வரவில்லை.

நாம் அவரைப் புராண ஓவியராகவே அறிவோம். அவருடைய பிழைப்போ உருவப்படம். 1848 இல் கிளிமானூரில் பிறந்தார். தாய் உமயாம்பா கவிதை எழுதியவர். அவர் இயற்றிய பார்வதி சுயம்வரம் அவர் இறந்த பிறகு மகன் முயற்சியால் அச்சேறியது. 1862 இல் தாய்மாமன் சிறுவனைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனார். அங்கே ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவு கிடைத்தது. எண்ணெய் வண்ணத்தின் கையாளல் அப்போது தொழில் ரகசியம். 1868 இல் அரண்மனையில் படம் வரைய வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர், தாம் வரைவதை அருகிருந்து பார்க்க மட்டும் அரைமனதோடு சம்மதித்தார். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார் ரவிவர்மா.

அதன் பிறகு அவர் வாழ்க்கை ரயிலிலும் அரண்மனைகளிலும் கழிந்தது. திருவிதாங்கூர், பரோடா, மைசூர், உதய்பூர் என்று சமஸ்தானம் சமஸ்தானமாகப் போனார். சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபுவை வரைந்தார். மன்னர், திவான், ஆளுநர், அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று அவருக்கு முன் அமர்ந்தவர்களின் வரிசையைப் பார்த்தாலே பத்தொன்பதாம் நூற்றாண்டு அதிகாரத்தின் வரைபடம் கிடைத்துவிடும். தம்பி சி. ராஜராஜ வர்மா உடன் பயணித்தார், உடன் வரைந்தார், ஆங்கிலத்தில் நாட்குறிப்பும் எழுதினார். எங்கே தங்கினார்கள், யாரை வரைந்தார்கள், எந்த வேலை எவ்வளவில் நிற்கிறது என்று நாம் இன்று தெரிந்துகொள்வது அந்த நாட்குறிப்பால்தான். 1904 இல் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் வந்தது. பெயருக்கு முன்னால் ‘ராஜா’வும் அதோடு சேர்ந்தது. ஒரு பெயரின் மதிப்பு என்ன என்பதை அந்தக் குடும்பம் நன்றாக அறிந்திருந்தது.

உருவப்படம் என்பதே பெயரோடு பிணைந்த கலை. படத்துக்குக் கீழே பித்தளைத் தகட்டில் பெயர் இருக்கும். வாரிசுகள் அதைப் பார்த்து, இவர் என் பாட்டனார் என்பார்கள். ஆகவே ஓவியர் கண்ணையும் மூக்கையும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ‘இது நானில்லை’ என்று சொல்லும் அதிகாரம் அமர்ந்திருப்பவருக்கு உண்டு. அந்த அதிகாரம்தான் ரவிவர்மாவின் கையைக் கட்டியது என்று நான் நினைக்கிறேன். கை கட்டப்பட்ட இடங்களில்தான் அவர் மிக நன்றாக வரைந்திருக்கிறார். அரசகுலப் பெண்களின் படங்களில் கனத்த தாடை உண்டு, சோர்ந்த கண் உண்டு, தோடு இழுத்த காதுமடல் உண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போன உதடு உண்டு. அவருடைய லட்சுமிக்கு இவை எதுவும் கிடையாது. மறுத்துச் சொல்ல முடிந்தவளுக்குச் சொந்த முகம் வாய்த்தது. மறுக்க முடியாதவளின் முகம் பொதுச்சொத்தானது. அவருடைய ஓவியங்களை இந்த ஒரு கோட்டை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம்.

கோட்டின் அந்தப் பக்கத்தை முதலில் பார்ப்போம். 1873 இல் சென்னைக் கண்காட்சியில் அவருக்குத் தங்கப்பதக்கம் வாங்கித்தந்து, வியன்னாவிலும் பரிசு பெற்ற படம், கூந்தலில் பூச்சூடும் ஒரு நாயர் பெண். அடுத்த ஆண்டு புகழ்பெற்ற படம், இசைக்கருவி மீட்டும் ஒரு தமிழ்ப் பெண். சாதியும் மொழியும் தலைப்பில் வருகின்றன, ஆள் வரவில்லை. மைசூருக்காக 1889 இல் வரைந்த இசைக்கலைஞர் கூட்டத்தில் பதினொரு பெண்கள் இருக்கிறார்கள். உடையையும் நகையையும் வைத்து இவள் இந்தப் பிரதேசத்தவள், இவள் இந்த மதத்தவள் என்று அடையாளம் சொல்கிறோம். ‘இந்தியா’ என்ற சொல்லுக்கு விளக்கப்படம் போல அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறார்கள். பதினொருவரில் பலர் எங்கோ பார்த்துக்கொண்டு, ஏதோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை பேரும் சேர்ந்து வாசித்தால் அது என்ன இசையாக இருக்கும் என்ற கேள்வி ஓவியருக்கு எழவில்லை. கருவி பாட்டுக்காக அவர்கள் கையில் இல்லை, பிரதேசத்தைக் காட்டவே இருக்கிறது.

1893 இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பத்துப் படங்கள் போயின. பத்தும் பெண்களின் வாழ்க்கையைப் பற்றியவை. இரண்டு பதக்கங்கள் கிடைத்தன. அவற்றில் நாடோடிக் குடும்பத்துப் பெண் ஒருத்தியும் உண்டு. குழந்தைகள் சூழத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். ரவிவர்மாவின் உலகத்தில் வறுமை தலைகாட்டும் அபூர்வமான இடம் அது. அங்கேயும் வறுமைக்குத்தான் படம், அவளுக்கு இல்லை.

கோட்டின் இந்தப் பக்கம், பெயருள்ள பெண்களின் பக்கம், நிம்மதியான இடமா? பரோடாவைப் பாருங்கள். சாயாஜிராவ் கெய்க்வாட்டின் முதல் மனைவி தஞ்சாவூரிலிருந்து போனவர். பிறந்த வீட்டில் லட்சுமிபாய். 1880 இல் மணமாகிப் போனதும் சிம்னாபாய் ஆனார். அவரோடு தஞ்சைச் சதிர்க் கலைஞர்களும் பரோடா போனார்கள் என்பது நடன வரலாற்றில் தெரிந்த செய்தி. ரவிவர்மா அவரை வரைந்தார். 1885 இல் இளம்வயதிலேயே அவர் இறந்தார். அதே ஆண்டு மன்னருக்கு மறுமணம். கஜ்ராபாய் என்ற பெண் வந்தார். அவருக்கு வைத்த பெயரும் சிம்னாபாய். இறந்தவளின் பெயரை அடுத்து வந்தவளுக்கு உடுத்திவிட்டார்கள். வரலாறு அவர்களை முதலாம் சிம்னாபாய், இரண்டாம் சிம்னாபாய் என்று எண் போட்டுப் பிரிக்கிறது. இந்த இரண்டாமவர் பிற்பாடு பர்தாவிலிருந்து வெளியே வந்தார். இந்தியப் பெண்களின் நிலை பற்றி 1911 இல் வெளியான நூலின் ஆசிரியர்களில் ஒருவரானார். 1927 இல் அகில இந்தியப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். ஆனால் முதலாமவருக்கு எஞ்சியது ரவிவர்மாவின் படம்தான். அந்தப் படத்துக்குக் கீழே இருக்கும் பெயர் அவர் பிறந்த வீடு வைத்ததல்ல. பெயர் இருந்தாலே போதும் என்று நான் வாதிடவில்லை. யார் வைத்த பெயர் என்றும் கேட்க வேண்டும் என்கிறேன்.

ரவிவர்மாவின் சொந்த வீட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. 1866 இல் மாவேலிக்கரை அரச குடும்பத்து பாகீரதி பாயை மணந்தபோது இவருக்கு வயது 18, அவருக்கு 12. ஐந்து பிள்ளைகள். கணவர் பெரும்பாலும் பயணத்தில் இருந்தார். 1893 இல் வரைந்த ஒரு படத்தில் மகள் மகாபிரபா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பக்கவாட்டில் பார்க்கிறார், விரல் அந்தத் திசையில் நீள்கிறது. தலைப்பு, ‘அதோ அப்பா வருகிறார்’. சட்டகத்துக்குள் இருப்பவள் தாய். தலைப்பில் இருப்பவர் சட்டகத்துக்குள் வரவே வராத தகப்பன். தாய்வழி மரபில் வாழ்ந்த குடும்பத்தில் இந்தத் தலைப்பு எவ்வளவு பெரிய மாற்றத்தைச் சொல்கிறது என்று வரலாற்றாய்வாளர் ஜி. அருணிமா எழுதியிருக்கிறார். வீடு தாயின் பெயரில் ஓடிய காலம் முடிந்து, தகப்பனை எதிர்பார்த்து நிற்கும் வீடு வரப்போகிறது. மகாபிரபாவின் முகம் மட்டும் அந்தத் தலைப்புக்கு முழுதாக ஒத்துழைக்கவில்லை. அதில் ஆவலைவிடக் கனம்தான் அதிகம். அவர் மகள், மறுத்துச் சொல்ல முடிந்தவள். அதனால்தான் அந்த முகம் தப்பித்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவதாக ஒரு பெயர் உண்டு, அது தங்கையுடையது. மங்களாபாய் தம்புராட்டி அண்ணன்களோடு சேர்ந்து ஓவியம் கற்றவர், அவர்களுக்கு உதவியவர். அவர் வரைந்த ரவிவர்மாவின் உருவப்படம் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அண்ணன்மார் ஊர் ஊராகப் போனார்கள். தம்புராட்டி ஒருத்தி அப்படி வண்டியேறிப் போய், அந்நிய ஆண்களை எதிரே உட்கார வைத்து வரைந்து, கூலி வாங்கியிருக்க முடியாது. உருவப்பட ஓவியருக்குத் தூரிகைக்கு முன்னால் தேவைப்படுவது ரயில் டிக்கெட். அது அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் கையெட்டும் தூரத்தில் இருந்த பெரிய மனிதர் அண்ணன். அவரையே வரைந்தார். பெண் வரைந்தாள், படத்துக்குக் கீழே மறுபடியும் ஆணின் பெயர்.

இனி மாதிரிகள். ரவிவர்மாவின் புராணப் பெண்களுக்குப் பம்பாயில் அமர்ந்தவர்களில் ஒருவர் அஞ்சனிபாய் மால்பேகர். கோவாவிலிருந்து வந்த கலைக்குடும்பம். அவருடைய தொழில் பாட்டு. பேண்டிபஜார் கரானாவின் பெரிய பாடகி. நாம் இன்று தேவி என்று கும்பிடும் சில முகங்களுக்குப் பின்னால் இருப்பது ஒரு இசைக்காரியின் முகம். கோயிலோடும் மேடையோடும் பிணைந்த குலங்களின் பெண்களைச் சமூகம் தள்ளி வைத்தது. அதே முகத்தைப் பூஜையறையில் மாட்டிக்கொண்டது. தேவதாசி முறை பற்றித் தமிழ்நாட்டில் நாம் நடத்திய அத்தனை விவாதங்களுக்கும் இந்த ஒரு உண்மை சாட்சி சொல்லும். அஞ்சனிபாய்க்கு 1958 இல் சங்கீத நாடக அகாதெமியின் உயர்ந்த மதிப்பான ஃபெலோஷிப் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். ஓவியம் தராத பெயரைக் குரல் தந்தது. அவரைப் போலப் பாடத் தெரியாத, வேறு வழியில்லாமல் அமர்ந்த மற்றப் பெண்களுக்கு அதுவும் இல்லை.

1906 இல் ரவிவர்மா இறந்தபோது எங்கள் கரிசல் சீமையின் எட்டயபுரத்துக்காரர் பாரதி இரங்கற்பா எழுதினார். தாம் தீட்டிய தேவமகளிரோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் விண்ணுலகு போனாரோ என்ற பொருளில் அதில் ஒரு கேள்வி உண்டு. அழகான கற்பனைதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அந்தத் தேவமகளிர் பம்பாயில் வாடகை வீட்டில் இருந்தார்கள். புதுமைப்பெண்ணைப் பற்றிக் கனவு கண்ட கவிக்குக்கூட மாதிரியாய் அமர்ந்தவள் கண்ணில் படவில்லை என்றால், ஓவியம் அவளை எவ்வளவு முழுமையாக மறைத்துவிட்டது பாருங்கள்.

1894 இல் ரவிவர்மா பம்பாயில் கல்லச்சுக்கூடம் தொடங்கினார். இயந்திரமும் வல்லுநர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். கோயிலுக்குள் விடப்படாத சாதிகளின் வீட்டுக்குள்ளும் சாமி காகிதமாக வந்து சேர்ந்தது. அந்தப் புரட்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் உருவப்படம் பணக்காரருக்கு, சாமிப்படம் ஏழைக்கு என்ற பங்கீடும் அங்கேதான் உறுதிப்பட்டது. பணக்காரர் தன் முகத்தைச் சுவரில் மாட்டினார். ஏழை, ரவிவர்மா தந்த முகத்தை மாட்டினார்.

அந்தப் பாதை எங்கள் பக்கம் வந்த கதை எனக்கு நெருக்கமானது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, ரமணாசிரமத்தில் இருந்து, நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதி, கடைசியில் கோவில்பட்டியில் நிலைத்தவர் சி. கொண்டையராஜு. டி.எஸ். சுப்பையா, ராமலிங்கம் போன்ற சீடர்கள் அவரைச் சுற்றி உருவானார்கள். படம் கோவில்பட்டியில் எழுதப்பட்டது, சிவகாசியில் அச்சானது, காலண்டராகத் தமிழ்நாடு முழுக்கப் போனது. அவருடைய கஜலட்சுமியும் மீனாட்சி கல்யாணமும் ரவிவர்மாவின் நேர்வாரிசுகள் அல்ல. நாடகத் திரையின் ஆழமும், கோயில் சிற்பத்தின் நேர்ப்பார்வையும், நகை ஒவ்வொன்றையும் எண்ணி எழுதும் தெற்கத்திப் பொறுமையும் அவற்றில் கலந்திருக்கின்றன. ஆனால் தேவியின் கன்னம் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும் என்ற விதி மாறவில்லை. கம்பங்காட்டிலும் மிளகாய்த் தோட்டத்திலும் வெயிலில் நின்ற பெண்களும், தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிய பெண்களும், வீட்டுக்கு வந்ததும் விளக்கேற்றிய முகம் அது. தங்கள் தெருவில் ஒருத்திக்கும் இல்லாத நிறம்.

கொண்டையராஜு மரபின் ஓவியர்களுக்கும் போட்டோ ஸ்டுடியோவுக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஸ்டுடியோதான் கரிசல் காட்டில் உருவப்படத்தின் வாசல். ஆனால் எங்கள் ஊரில் பெண்ணின் உருவப்படம் பெரும்பாலும் அவள் செத்த பிறகு பிறக்கும். ரேஷன் அட்டையிலோ வாக்காளர் அட்டையிலோ இருக்கிற சின்னப் படத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை போடுவார்கள். பாம்படம் போட்டு வளர்த்த காது என் அப்பத்தாவுக்கு. பிற்காலத்தில் நகை போய் வெறும் மடல் தோளில் தொங்கும். அவர் இறந்த பிறகு பெரிதாக்கி வந்த படத்தில் காதுமடல் சிறியதாக, ஒழுங்காக இருந்தது. அதில் ஒரு கம்மல். உடம்பில் அவர் உடுத்தாத பட்டு. நிறமும் இரண்டு படி ஏறியிருந்தது. ‘லட்சணமா இருக்குல்லா?’ என்றார் கொண்டுவந்த சித்தப்பா. யாரும் இது அவரில்லை என்று சொல்லவில்லை. சொல்லும் உரிமை உள்ள ஒரே ஆள் போய்விட்டார்.

அரண்மனையில் இழுபட்ட காதுமடலை உள்ளபடி வரைந்த மரபு, குடிசைக்கு வரும்போது அதைத் திருத்திவிடுகிறது. திருவிதாங்கூர் அரசிக்குத் தொங்கும் காது குலப்பெருமை. கரிசல்காட்டுக் கிழவிக்கு அது பட்டிக்காட்டுத்தனம். ஸ்டுடியோக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் தம் கைக்குப் பழகிய அழகைத் தந்தார், நாங்களும் அதைத்தான் கேட்டோம். உழைத்த பெண்ணுக்குக் கடைசி மரியாதையாக அவள் உழைப்பின் தடயத்தை அழித்துத் தருவது என்று ஒரு சமூகமே முடிவு செய்திருக்கிறது. அந்த முடிவுக்கு ரவிவர்மா மட்டும் பொறுப்பல்ல. ஆனால் அவர் பெயரை அளவுகோலாக வைத்திருக்கும் வரை அந்த முடிவு தொடரும்.

2020 ஆம் ஆண்டுக்காகப் புகைப்படக்காரர் ஜி. வெங்கட்ராம், சுஹாசினி மணிரத்னத்தின் நாம் அறக்கட்டளைக்காக ஒரு காலண்டர் எடுத்தார். ரவிவர்மாவின் பெண்களாகச் சமந்தா, ஸ்ருதி ஹாசன், ரம்யா கிருஷ்ணன், ஷோபனா முதலியோர் நின்றார்கள். அதே உடை, அதே நகை, அதே திரும்பல். ஊரே பகிர்ந்துகொண்டது. எனக்கு அதில் பட்டது வேறொன்று. பார்த்தவர்கள் முதலில் சொன்னது ஓவியத்தின் தலைப்பை அல்ல, ‘இது ஷோபனா’ என்றுதான். ரவிவர்மாவின் சட்டகத்துக்குள் முதன்முறையாக மாதிரியின் பெயர் ஓவியத்தின் பெயரை முந்தியது. நடிகைகள் அதைத் தங்கள் உழைப்பால் சம்பாதித்திருக்கிறார்கள். ஆயினும் அந்தச் சட்டகத்துக்குள் நிற்க யாருக்கு அழைப்பு வருகிறது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. வெளிச்சம் தேடி அலைய வேண்டாதவர்களுக்கே மீண்டும் வெளிச்சம்.

ரவிவர்மாவின் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. பட்டின் மடிப்பில் ஒளி விழுவதை அவரைப் போல எழுதியவர்கள் குறைவு. அந்தத் திறமை யாருக்கு முன்னால் பணிந்தது, யாரைப் பணிய வைத்தது என்று பார்ப்பதும் கலை விமர்சனத்தின் வேலைதான். கலைக்கூடங்களுக்கு நான் சொல்ல விரும்புவது மிகச் சின்ன விஷயம். அஞ்சனிபாய் போல, அமர்ந்தவர் இன்னார் என்று தெரிந்த இடங்களில் ஓவியரின் பெயருக்குக் கீழே அந்தப் பெண்ணின் பெயரையும் எழுதுங்கள். சிம்னாபாய் என்று எழுதும்போது, பிறந்த பெயர் லட்சுமிபாய், ஊர் தஞ்சாவூர் என்றும் ஒரு வரி சேருங்கள்.

வீடுகளுக்கும் ஒரு வேண்டுகோள். உயிரோடு இருக்கும் கிழவிகளை, காட்டிலிருந்து வந்தபடியே, அவர்கள் சம்மதத்தோடு படம் எடுங்கள். எடுத்ததை அவர்களிடம் காட்டுங்கள். ‘இது நானில்லை, வேற எடு’ என்று சொன்னால் வேறு எடுங்கள். அரசிகளுக்கு இருந்த அந்த உரிமை அவர்களுக்கும் கிடைக்கட்டும். அச்சுப்போட்ட பிறகு படத்தைத் திருப்பி, பின்புறம் பேனாவால் அவர்கள் பெயரை எழுதுங்கள். ‘அம்மா’, ‘அப்பத்தா’, ‘பெரியவீட்டு ஆச்சி’ என்றல்ல. அவர்களுடைய அம்மா கூப்பிட்ட பெயர் என்னவென்று கேட்டு, அதை எழுதுங்கள்.